சேர்மனுக்குப் பிழை போடுகிறவள்

ஒரு நாளைக்கு ஒரு பிழை. அதுதான் ஒற்றக்காவின் வேலை.

ஒன்றுக்கு மேல் போனால் சேர்மனுக்கு எழுத்தே தெரியாது என்று ஊர் சிரிக்கும். ஒன்றுகூட இல்லாவிட்டால், அவர் எழுதுவதில்லை, யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒன்று. அதுவும் பார்த்ததும் பாசம் வருகிற பிழையாக இருக்க வேண்டும். பரிதாபம் வருகிற பிழையாக இருந்துவிடக் கூடாது.

காலையில் இணையத்தில் சேர்மன் பெயரில் ஒரு பதிவு வரும்: "உழைப்புக்கு பலன் உண்டு." நடுவில் இருக்க வேண்டிய 'ப்' இருக்காது. உடனே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எங்கே இருக்கிறார், எப்போது தூங்குகிறார் என்று யாருக்கும் தெரியாது, கீழே வந்து உட்கார்ந்துவிடுவார். "ஐயா, 'உழைப்புக்குப் பலன்' என்று வர வேண்டும்." சேர்மன் பெயரில் பதில் போகும்: "நன்றி ஆசிரியரே! நான் கடைசி பெஞ்ச்!" அவ்வளவுதான், நாடே உருகிவிடும். எவ்வளவு பெரிய கம்பெனி முதலாளி, எத்தனை எளிமை, தப்பைக்கூட ஒத்துக்கொள்கிறாரே என்று இதயக் குறிகள் மழையாகக் கொட்டும். உண்மையில் சேர்மன் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்ச். அந்த 'ப்'பை எடுத்தவள் அக்கா. கடைசி பெஞ்ச் என்று பதில் போட்டவளும் அக்கா. அந்த உரையாடலில் அசல் என்று சொல்ல ஆசிரியர் ஒருவர்தான் இருந்தார்.

அக்கா முன்பு ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். க், ச், த், ப் என்ற இந்த நான்கு ஒற்றும் விடுபட்ட இடத்தில் அவளுக்கு மூச்சு விட முடியாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடமே பேனாவை எடுத்து ஓர் ஒற்றைச் செருகித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதனால் ஒற்றக்கா. ஒரு மத்தியானம், திருத்துவதற்கு மிஷின் வந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பத்திரிகையில் பிழைதிருத்தும் பிரிவு முழுவதையும் வெளியே அனுப்பினார்கள். மிஷின் முதல் நாளே 'இரங்கல் செய்தி'யை 'இறங்கல் செய்தி' ஆக்கியது. ஆனால் மிஷினை யாரும் வெளியே அனுப்பவில்லை. பிழை திருத்தி வாழ்ந்தவளைப் பிழை போட இங்கே கூப்பிட்டார்கள். வந்துவிட்டாள். வயிறு இலக்கணம் பார்ப்பதில்லை.

இங்கே வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பார்களா, மாட்டார்களா என்பதுதான் அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஒரே கேள்வி. கணவருக்குக் கைபேசி பழுது பார்க்கும் கடை. அந்தக் கடையில் பழுது ஜாஸ்தி, கைபேசி கம்மி. அக்காவின் நாற்காலி போனால் வீட்டின் நாலு காலும் ஆடும். தலை நரைத்த பிழைதிருத்துநர் தேவை என்று உலகத்தில் எங்கேயும் விளம்பரம் வருவதில்லை.

அலுவலகக் கதவில் 'தொடர்புத் துறை' என்று பலகை. உள்ளே இருப்பவர்கள் 'மேக்கப் ரூம்' என்பார்கள். பவுடர் டப்பா ஒன்றுகூடக் கிடையாது. ஒரு நீள மேசை, சுவர் நிறைய சேர்மன், மூலையில் ஒரு கம்பியில் வரிசையாக வெள்ளைச் சட்டைகள். எல்லாம் ஒரே சட்டை. கை மடிப்புதான் வேறு. தொழிலாளர்களைப் பார்க்கப் போனால் முழங்கைக்கு மேல் மடிப்பு. அமைச்சரைப் பார்க்கப் போனால் மணிக்கட்டில் ஒரே மடிப்பு. துக்க வீட்டுக்குப் பொத்தான் போட வேண்டும். அரசியல் கேள்வி வரக்கூடிய பேட்டி என்றால் பவர் இல்லாத கண்ணாடி ஒன்று. கேள்வி நெருங்கும்போது அதைக் கழற்றித் துடைத்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

துறைத் தலைவருக்கு 'இஸ்திரி' என்று பெயர். சேர்மன் வாழ்க்கையில் எங்கே ஒரு சுருக்கம் விழுந்தாலும் நீவி விடுகிறவர். தானும் எப்போதும் கொஞ்சம் சூடாகவே இருப்பார். அவருக்கு அடுத்தவர் கவிஞர். சேர்மனுடைய பதிவுகளை எழுதுபவர். கவிதை எழுதிப் பிழைக்க முடியாமல் இங்கே வந்தவர். இப்போது பிழைக்கிறார், கவிதை எழுதுவதில்லை.

சேர்மனின் அரசியல் என்ன என்று கேட்டால், நடுவில் நிற்பது. அது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். ஆளுங்கட்சித் தலைவரோடு இரண்டு கையாலும் குலுக்கினால், அதே வாரத்தில் எதிர்க்கட்சித் தலைவரோடு ஒரு கையால் குலுக்கி, ஆனால் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். இவருக்குப் பல் தெரிந்தால் அவருக்குத் தோளில் தட்டு. இஸ்திரி இதையெல்லாம் தராசில் வைத்து நிறுத்திருந்தார். "சேர்மன் எந்தப் பக்கமும் சாயலன்னு ரெண்டு பக்கமும் சொல்லணும். ஆனா நம்ம பக்கம்தான்னு ரெண்டு பக்கமும் நெனைக்கணும்" என்பார். கேட்கும்போது புரிந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. பதிவுகளுக்கு நகல் கிடையாது, வரைவு கிடையாது. 'சேர்மன் போன்' என்று ஒரே ஒரு கைபேசி. கவிஞர் அதில் தட்டுவார், அக்காவிடம் நீட்டுவார், அக்கா ஒரு பிழை போட்டு அனுப்பிவிடுவாள். சேர்மன்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரம் காட்ட முடியாது. வேறு யாராவது எழுதினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் செய்துவிடலாம் அல்லவா? இந்த ஏற்பாடுதான் கடைசியில் கழுத்தைப் பிடித்தது.

அன்று புதுத் தொழிற்சாலைத் திறப்பு. ஆளுங்கட்சித் தலைவர் வந்து நாடாவை வெட்டினார். வெட்டிய கையோடு, யாரும் ஒத்திகை பார்க்காத ஒரு காரியம் செய்தார்: சேர்மனின் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். பந்தயத்தில் ஜெயித்தவன் கையைத் தூக்குவது போல. படம் மேக்கப் ரூமுக்கு வந்தது. கவிஞர் போனை எடுத்து ஏதோ தட்டினார்.

அதே நேரத்தில் அக்காவின் சொந்த போனில் குடும்பக் குழுவில் ஒரு செய்தி. கணவரின் அக்கா, அதாவது நாத்தனார், எழுதியிருந்தாள்: "ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் புது வீட்டைப் பாக்கப் போறோம்."

நாங்க எல்லாரும். அக்கா அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நாம எல்லாரும்' என்றால் அவளும் வண்டியில் உண்டு. 'நாங்க எல்லாரும்' என்றால் அவள் வாசலில் நின்று கையசைக்க வேண்டும். கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, உங்க அக்கா 'நாங்க'ன்னு போட்டிருக்காங்களே. அதுல நான் இருக்கேனா?"

"அக்கா 'நாங்க'ன்னு சொன்னா நாமதாம்மா."

"அப்ப 'நாம'ன்னே போட வேண்டியதுதானே?"

"ஒரு எழுத்துல என்ன இருக்கு?"

பிழைதிருத்துகிறவளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர் கேட்கிற கேள்வியா இது? அக்கா போனை வைத்தாள். கவிஞர் சேர்மன் போனை நீட்டினார். அக்கா வாங்கினாள், பார்த்தாள், ஓர் ஒற்றை எடுத்தாள், அனுப்பினாள். மனசு வண்டியில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தேர்தல் தேதி அறிவித்தார்கள். அதற்குப் பின்னால்தான் எல்லோரும் முந்தின நாள் பதிவை மறுபடி எடுத்துப் படித்தார்கள். தூக்கிய கையோடு படம். கீழே: "இந்த வெற்றி தொழிலாளர்களுக்கு காணிக்கை. நாம் உழைத்தோம். நாம் வெல்வோம்."

தொழிலாளர்களுக்கு அடுத்து 'க்' இல்லை. அதை ஆசிரியர் அன்றே திருத்திவிட்டார். அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை 'நாம்'. நாங்கள் வெல்வோம் என்றிருந்தால் கம்பெனி வெல்லும், வென்றுவிட்டுப் போகட்டும். கட்சித் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு நாம் வெல்வோம் என்றால்? சேர்மன் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று ஒரு தொலைக்காட்சி சொன்னது. சீட்டே கொடுத்துவிட்டார்கள் என்றது இன்னொன்று. அக்கா அலுவலகத்துக்குள் நுழையும்போது இஸ்திரியிடமிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"யார் பண்ணது இது? கவிஞரே, நீங்க என்ன எழுதினீங்க?"

"'நாங்கள்'னுதான் சார் எழுதினேன்" என்றார் கவிஞர். உடனே முகம் மாறியது. "எழுதினேனா? 'நாங்கள் உழைத்தோம், நாங்கள் வெல்வோம்'... இல்ல சார், ஓசைக்கு 'நாம்'தான் நல்லா இருக்கு. நானே அப்படி எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன்."

"ஓசை கேக்குதாய்யா உமக்கு? வெளிய கேக்குது பாரும் ஓசை! அக்கா, நீங்க?"

அக்கா வாயைத் திறந்தாள். நான் மாற்றவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த நாத்தனார் வார்த்தை கண்முன் வந்தது. அன்று மத்தியானம் எந்த 'நாங்க'வைப் பார்த்திருந்தாலும் அவள் விரல் சும்மா இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். "ஞாபகம் இல்ல சார்" என்றாள்.

"ஞாபகம் இல்லையா!"

"மத்தவங்க பிழைன்னா நான் கண்டுபிடிச்சுடுவேன் சார். என்னோடதுதான் தெரியல."

இஸ்திரி நாற்காலியில் சாய்ந்தார். "சரி, யோசிப்போம். தப்பு நடந்துடுச்சுன்னு அறிக்கை விட்டா, யார் பண்ணதுன்னு கேப்பாங்க. ஆபீஸ்ல ஒருத்தர்னு சொன்னா, அப்ப சேர்மன் எழுதறதில்லையான்னு கேப்பாங்க. சேர்மன்தான் எழுதினார்னா, அப்ப கட்சியில சேந்துட்டாரான்னு கேப்பாங்க. சேரலைன்னு சொன்னா, அப்ப ஏன் 'நாம்'னு எழுதினார்னு கேப்பாங்க. தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லணும்." ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டதை அவரே கவனித்து நிறுத்திக்கொண்டார். "பதிவை எடுத்துடலாமா?"

"எடுத்தா பயந்துட்டார்னு சொல்வாங்க சார்" என்றார் கவிஞர்.

"எடுக்கலேன்னா?"

"பயப்படலேன்னு சொல்வாங்க. அது இன்னும் மோசம்."

மத்தியானம் பாதுகாப்பு அதிகாரி வந்தார். போலீஸ் வேலையை விட்டுவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவர். மீசையை மட்டும் அங்கே விட்டுவிட்டு வரவில்லை. எதிர்க்கட்சியோ போட்டிக் கம்பெனியோ உள்ளே ஆள் வைத்திருக்கிறது என்பது அவர் முடிவு. வராந்தாவில் கவிஞர், "பாவம் நம்ம ஒற்றக்கா" என்று யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்தது. ஒற்று. ஒற்றர் வேலை. இவ்வளவு பட்டவர்த்தனமாகவா கூப்பிடுவார்கள் என்று அவருக்கே மலைப்பு.

அக்காவைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே கைகுலுக்கும் ஒத்திகைக்காகச் செய்து வைத்த ஆளுயர அட்டை சேர்மன்கள் சுவரோரம் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நின்றன.

"உட்காருங்கம்மா. உங்களை எதுக்கு ஒற்றுன்னு கூப்பிடறாங்க?"

"நான் ஒற்றுப் போடுவேன் சார். அதான்."

அதிகாரி மீசை நிமிர்ந்தது. இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "எங்க போடுவீங்க?"

"எங்கெங்க வரணுமோ அங்கெல்லாம்."

"எவ்வளவு நாளா?"

"சின்ன வயசுல ஆரம்பிச்சது சார். இங்க வந்ததுக்கப்புறம் போடறதில்ல. எடுக்கத்தான் செய்றேன்."

"எடுத்து யார்கிட்ட குடுப்பீங்க?"

"எடுத்துட்டா அவ்வளவுதான் சார். யாருக்குக் குடுக்கறது? அதுக்குத் தனியா அர்த்தம் கிடையாதே."

"எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கும்மா. யார் சொல்லிப் போட்டீங்க? அதைச் சொல்லுங்க, உங்களை விட்டுடறேன்."

"யாரு சொல்லணும்? இலக்கணம் சொல்லுது."

அதிகாரி பேனாவை எடுத்தார். "இலக்கணம். சரி. அவர் எந்தக் கட்சி?"

அக்கா அட்டை சேர்மன்களைப் பார்த்தாள். அவர்களும் பதில் தெரியாமல்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எந்தக் கட்சியும் இல்ல சார். எல்லாக் கட்சிக்காரங்களும் அவரைக் கொன்னுட்டுதான் இருக்காங்க."

அதிகாரி எழுந்துவிட்டார். விஷயம் கொலை வரைக்கும் போகும் என்று அவர் நினைக்கவில்லை. அக்கா க், ச், த், ப் என்று விளக்க ஆரம்பித்தாள். அவர் அதைச் சங்கேதம் என்று எடுத்துக்கொண்டு பயபக்தியோடு கேட்டார்.

சாயங்காலம் சேர்மனே கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அக்கா அவரை நேரில் பார்த்ததில்லை. அவருடைய பிழைகளோடுதான் பழக்கம். பெரிய அறை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வேலை போகிற இடத்துக்கு இவ்வளவு அழகான தரைவிரிப்பு எதற்கு என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். சேர்மன் கண்ணாடி முன் நின்று கைமடிப்பை ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருந்தார்.

"வாங்கம்மா. நீங்கதான் எனக்குப் பிழை போடறவங்களா? 'கடைசி பெஞ்ச்' நல்லா இருந்துச்சு. என் பையன்கூட நம்பிட்டான்."

"நன்றிங்க சார்."

"சரி, சொல்லுங்க. நான் சொன்னது 'நாமா', 'நாங்களா'?"

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நான்தான் என்று சொன்னால் இந்த நிமிஷமே வெளியே. கவிஞர்தான் என்று சொன்னால் மனசாட்சி குத்தும், அதோடு அது பொய்யாகவும் இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம், அதுதான் இன்னும் குழப்பம். "தெரியலைங்க சார்" என்றாள்.

சேர்மன் திரும்பி முதல்முறையாக அவளைப் பார்த்தார். "எனக்கும் அதேதாம்மா. ஆனா நான் தெரியலைன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு அந்தச் சுகம் இருக்கு." மடிப்பை இறக்கினார். "இப்ப பாருங்க. காலையில ஆளுங்கட்சித் தலைவர் போன் பண்ணார். 'நாம்னு சொன்னீங்களே, நம்ம ஆள்னு எனக்கு எப்பவோ தெரியும்'ங்கறார். அரை மணி கழிச்சு எதிர்க்கட்சித் தலைவர். திட்டப் போறார்னு நெனைச்சேன். 'அவரைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டே நாம்னு எங்களுக்கு ஒரு சிக்னல் குடுத்தீங்க பாருங்க, பிரமாதம்'ங்கறார். ரெண்டு பேருக்கும் நன்றி சொன்னேன். எதுக்குன்னுதான் தெரியல."

"அப்ப என் வேலை சார்?"

"அதெல்லாம் இஸ்திரி பாத்துப்பார்" என்று சேர்மன் மறுபடி கண்ணாடிக்குத் திரும்பிவிட்டார். சேர்மனுக்கும் அவர் இஸ்திரிதான் என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வாரத்தில் 'நாம்' பெரும் புத்திசாலித்தனமாகிவிட்டது. ஒரே சொல்லில் இரண்டு கட்சியையும் கட்டிப்போட்ட மேதை என்று தலையங்கம் எழுதினார்கள். நாம் என்பதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேட்டியில் கேட்டபோது சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நீங்களும்தான்" என்றார். கேட்டவருக்குக் கண் கலங்கியது. இனி எல்லாப் பதிவிலும் 'நாம்'தான், 'நாங்கள்' என்ற சொல்லே இந்த அறையில் இருக்கக் கூடாது என்று இஸ்திரி உத்தரவு போட்டார். கவிஞர் டீ குடிக்கப் போகும்போதுகூட "நாம் டீ குடிக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

அக்கா ஒரு நாள் சமயம் பார்த்து இஸ்திரியிடம் நின்றாள். "சார், என் கான்ட்ராக்ட்..."

"அட, அதுக்கென்னக்கா? நாம இருக்கோம்ல!"

இந்த 'நாம'வில் தான் இருக்கிறாளா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் வேறொரு சுருக்கத்தை நோக்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அவளுக்கு இடம் இருந்தது. நாத்தனாரே கதவைத் திறந்துவிட்டாள். "என்னடி, நீ வரலைன்னு சொன்னியாமே, தம்பி சொன்னான்?" என்றாள். யார் என்ன சொன்னார்கள், யார் எங்கே குழப்பினார்கள் என்று விசாரிக்க அக்காவுக்குத் தெம்பில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மாதக் கடைசி நாள். சேர்மன் போனைக் கவிஞர் நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கனத்த மனத்தோடு நாம் சில முடிவுகளை எடுத்திருக்கிறோம். நம் குடும்பத்தில் சிலரிடமிருந்து நாம் விடைபெறுகிறோம்."

அக்கா இரண்டு முறை படித்தாள். ஆட்குறைப்பு. போனை எடுத்துக்கொண்டு இஸ்திரியின் கண்ணாடி அறைக்குப் போனாள். அவரும் அன்றைக்கு ஏனோ ஆறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சார், இந்த 'நாம்'ல நான் இருக்கேனா, 'சிலர்'ல இருக்கேனா?"

"அது பொதுவான 'நாம்' அக்கா."

"அப்ப 'சிலர்'?"

"அதுவும் பொதுவான 'சிலர்'தான். எனக்கே இன்னும் சொல்லல. நீங்க பிழையைப் போட்டு அனுப்புங்க. மணியாச்சு."

அக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எதை எடுப்பது? மறுபடி படித்தாள். நாம் விடைபெறுகிறோம். இதை வேலை போனவன் படிப்பான். அவனும் இந்த 'நாம்'க்குள் இருக்கிறான். அப்படியானால் அவனே தன்னிடமிருந்து விடைபெற்றுக்கொள்கிறான். தன்னைத் தானே வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கனத்த மனத்தோடு உள்ளே திரும்பி வருகிறான். இப்படி ஒரு வாக்கியத்தை அவள் பத்திரிகைக் காலத்தில் விட்டிருப்பாளா?

முதல் 'நாம்' இருந்த இடத்தில் 'நாங்கள்' என்று தட்டினாள். 'நம்' என்பதை 'எங்கள்' ஆக்கினாள். கடைசி 'நாம்' கையோடு போனது. ஒற்று எதையும் தொடவில்லை. இன்றைய பிழை இதுதானா, இல்லை இன்றைக்குத்தான் திருத்தமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. இந்த முறை ஞாபகம் மட்டும் நன்றாக இருக்கும். அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே ஆசிரியர் வந்து உட்கார்ந்தார். தேடித் தேடிப் பார்த்திருக்கிறார் பாவம். "ஐயா, இன்று பிழையே இல்லையே! நீங்கள்தான் எழுதினீர்களா?"

பதில் போடுவது அக்காவின் வேலை. கடைசி பெஞ்ச் என்று தொடங்கினாள், அழித்தாள். பிறகு ஒரே சொல்: "நாங்கள்தான்."

போனைக் குப்புற வைத்தாள். இஸ்திரி தன் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கையில் அவருடைய டீக் கோப்பை, கக்கத்தில் அவர் மேசையிலிருந்த குடும்பப் படம். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சட்டை கசங்கியிருந்தது. 'நாங்கள்' போட்டதற்காகத் திட்டப் போகிறார் என்று அக்கா எழுந்து நின்றாள். அவர் பதிவையே பார்த்திருக்கவில்லை.

"நானும் 'சிலர்'தானாம்" என்றார். "வெளியில ஒரு கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. எழுதறது எல்லாம் மிஷினாம்."

"பிழை?"

"அதையும் அதுவே போடுமாம். ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு செட் பண்ணிக்கலாமாம்."

அக்காவுக்குச் சிரிப்பா அழுகையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. திருத்துவதற்கு மிஷின் வந்து அங்கே வேலை போனது. பிழை போட மிஷின் வந்து இங்கே போகிறது. "கவிஞர்?"

"அவரை வெச்சுக்கறாங்க. மிஷின் எழுதறதுல ஓசை சரியா இருக்கான்னு பாக்க." இஸ்திரி கோப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "வாங்கக்கா. நாம போகலாம்."

அக்கா அந்தச் சொல்லைப் பழக்கத்தில் ஒரு முறை சரி பார்த்தாள். பேசுகிறவர் உள்ளே, கேட்கிறவர் உள்ளே. ஒரு பிழையும் இல்லை. பையை எடுத்துக்கொண்டாள்.

கீழே வரவேற்பறைத் தொலைக்காட்சியில் நாலு பேர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை நாம் என்றவர் இன்று நாங்கள் என்கிறாரே, ஆளுங்கட்சியை விட்டு விலகிவிட்டாரா? இல்லை, எதிர்க்கட்சியை விட்டா? 'நாங்கள்தான்' என்றால் தனிக் கட்சியா? அது பேச்சுவழக்குப் பன்மை, பெரிய மனிதர்கள் தங்களைத் தாங்களே அப்படிச் சொல்லிக்கொள்வது வழக்கம் என்றார் ஒருவர்.

இஸ்திரி நின்றுவிட்டார். "யாருக்கா இதைப் போட்டது?"

"ஞாபகம் இருக்கு சார்" என்றாள் அக்கா. "வாங்க, வெளிய போய்ச் சொல்றேன்."

வாசலில் பாதுகாப்பு அதிகாரி இருவர் பையையும் துழாவிப் பார்த்தார். அக்காவின் பையிலிருந்த சிவப்புப் பேனாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மனமில்லாமல் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, போறீங்கன்னு கேள்விப்பட்டேன். இப்பவாவது சொல்லிடுங்க. அந்த இலக்கணம் இன்னும் உள்ளதான் இருக்காரா?"

அக்கா திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"தெரியலைங்க சார்" என்றாள். "நாங்க வெளிய வந்துட்டோம்."